பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு இல்லை

ஜூலை 10, வியாழன்
காலையிலிருந்து சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. ஞாயிறு காந்திபுரம் கேமிங் சென்டரில் போட்டி! மூன்று பேர் டீம்: கேப்டன் கீர்த்தனா அக்கா (பக்கத்து வீடு, காலேஜ் கடைசி வருஷம்), என் கிளாஸ் சதீஷ், நான். முன்னால் நின்று கேமில் வரும் பூதத்தின் பெரிய அடியை வாங்குவது என் வேலை. ஒரே ஒரு தடவைதான் விழும்.
கவசம் போட்டால் அடி 50% குறையும். கேடயத்துக்கு இன்னொரு 50%. மொத்தம் நூறு. அடியே படாது!! குரூப்பில் போட்டுவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
பிராக்டிஸ். அந்த அடியிலேயே செத்தேன்.
சதீஷ்: "அடியே படாதுன்னு சொன்னயேடா மாப்ள? படறதுக்கு முன்னாடியே உசுரு போயிருச்சாட்ட இருக்குது."
அக்கா சிரிக்கவில்லை. "நாளைக்குள்ள சரி பண்ணிப்போடு கண்ணு. இல்லீன்னா உனக்குப் பதிலா சதீஷோட மாமா பையனை நிறுத்தோணும்."
ராத்திரி அரிசிம்பருப்பு சாதம் அப்படியே தட்டில்.

ஜூலை 12, சனி
கேமின் பயிற்சி மைதானம். ஒவ்வொன்றாகக் கழற்றி, மாட்டி, அடி வாங்கிப் பார்த்தேன்.
வெறும் உடம்பு: 4000
கவசம்: 2000
கேடயமும் சேர்த்து: 1000
அட! இரண்டாவது ஐம்பது மிச்சத்தில்தான் பாதி. எத்தனை பாதி போட்டாலும் பூஜ்யம் வராது. என் உயிரும் சரியாக 1000. அதான் செத்தேன். 10% குறைக்கும் மோதிரம் சேர்த்தேன். 900. நிற்கிறேன்!!!
நாம் கொடுக்கும் அடி வேறு மாதிரி. சதீஷ் மாட்டியிருக்கும் இரண்டு பொருளின் +20%, +30% நேராகக் கூடி 50%. இந்தக் கேமில் அப்படி.
அக்கா பார்த்துவிட்டு, "செரி, நீயே நில்லு." பேக்கரியில் தேங்காய் பன், இரண்டு.

ஜூலை 13, ஞாயிறு
மழை இல்லை. குறித்த நேரத்துக்குள் பூதத்தைக் கொல்ல டீமுக்கு இரண்டு வாய்ப்பு.
தொடங்கும்போது அக்கா ஒரு தாயத்து மாட்டினார். டீம் கொடுக்கும் அடி +20%. வாங்கும் அடியும் +20%. மனசுக்குள் கணக்கு: 1080. அக்காவிடம் போய் எப்படி நேராகச் சொல்வது...
"ஏனுங்க்கா, அது வேணுங்களா? உங்களுக்கு எப்படித் தோணுதோ..." என்று இழுப்பதற்குள் அடி விழுந்தது. செத்தேன்.
சதீஷ்: "இருவது கூடுச்சு, பத்து கொறைஞ்சுது. பத்துதானேடா ஜாஸ்தி?"
"எட்டுதான்டா. சாகறதுக்கு அது போதும்."
அக்கா: "தெரிஞ்சே சும்மா இருந்தயா?"
"சொன்னனுங்களே..."
"நீ கேட்டே. சொல்லலை."
கடைசி வாய்ப்பு. "தாயத்து இல்லாட்டி நேரத்துக்குள்ள முடியாதே," என்றார் அக்கா.
"இருந்தா முதல் அடியிலயே முடிஞ்சுரும். கழட்டுங்க்கா."
கழற்றினார். அடி விழுந்தது. நின்றேன்!
பூதத்துக்குக் கொஞ்சூண்டு உயிர் மிச்சம், நேரம் முடிந்தது. தோற்றோம்.
பஸ்ஸில் வீட்டுக்குக் கிளம்பினோம். சிங்காநல்லூர் தாண்டியதும் அக்கா திரும்பினார். "நேரம் பத்தலை. அடுத்த தடவை சதீஷ் என்ன மாட்டோணும், நான் என்ன மாட்டோணும்? நீ சொல்லு."