பதில் சொன்னவர் என் கணவர் அல்ல

அனுப்புநர்:
கூழ்த் தொட்டிப் பிரிவுத் தொழிலாளி ஒருவரின் மனைவி,
காகித ஆலைக் குடியிருப்பு, பின்வரிசை, கடைசி வீடு.
(பெயர்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.)

பெறுநர்:
உயர்திரு பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைகள் ஆய்வு அலுவலகம்.

பொருள்: ஒரே பிரிவில், ஒரே ஷிப்டில் வேலை செய்யும் இரட்டைச் சகோதரர்களைப் பிரித்து அமர்த்தக் கோருதல் – இரண்டாம் மனு.

பார்வை: "மனுதாரரின் கணவர் நேரில் விசாரிக்கப்பட்டார். தனக்குக் குறை ஏதும் இல்லை எனத் தெரிவித்தார். மனு முடித்துவைக்கப்பட்டது" என்று என் முதல் மனுவுக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பதில் கிடைத்தது. மனு கொடுத்த சில நாட்களிலேயே அதிகாரியை அனுப்பி விசாரித்ததற்கு நன்றி. எங்கள் குடியிருப்பில் தெருவிளக்கு கேட்டு மனுப் போட்டவர்கள் இன்னும் டார்ச் லைட்டோடுதான் நடமாடுகிறார்கள். எனவே தங்கள் வேகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அன்று விசாரிக்கப்பட்டவர் என் கணவர் அல்ல. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லத்தான் இந்த மனு.

2. என் கணவரும் என் கொழுந்தனாரும் இரட்டைப் பிள்ளைகள். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம், ஒரே குரல். அது கடவுள் செயல், அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பது என் மாமனார், மாமியார் செய்த வேலை. முன்பாதி ஒன்றேதான். பின்பாதியும் ஒரு தாலாட்டின் இரண்டு அடிகள் போல ஒலிக்கும். அழைக்கும்போது யாரும் பின்பாதி வரை போவதில்லை. "ஒரு குரல் கொடுத்தா ரெண்டும் ஓடி வரணும்னு ஆசைப்பட்டு வெச்சோம்" என்று என் மாமியார் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பெயர்களை இங்கே எழுதினால் தங்கள் அலுவலகத்திலும் அதே குழப்பம் வரும் என்பதால், வீட்டில் சொல்வது போலவே என் கணவரைப் பெரியவர் என்றும் அவர் தம்பியைச் சின்னவர் என்றும் குறிப்பிடுகிறேன்.

3. இரண்டும் ஓடி வரவேண்டும் என்றுதான் பெற்றவர்கள் வைத்தார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டது வேறு. யாரைக் கூப்பிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் குரல் கொடுத்துவிட்டால் போதும், மற்றவர் இருந்த இடத்திலேயே இருக்கலாம். பள்ளியில் சின்னவருக்கு ஒரே நாளில் இரண்டு தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், பெரியவருக்கு ஒன்றும் இல்லை. பெரியவர் உடைத்த கண்ணாடிக்குச் சின்னவர் முட்டி போட்டிருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இருவரும் இதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன்.

4. நாங்கள் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருக்கிறோம், குளியலறை ஒன்றுதான். ஒரு நாள் என் கணவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, மனதில் இருந்ததையெல்லாம் கதவுக்கு வெளியே நின்று கொட்டித் தீர்த்தேன். உள்ளேயிருந்து ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி, இனிமே செய்யல" என்று பதில் வந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் சின்னவர். வீடே சிரித்தது, என் ஓரகத்தி உட்பட. செய்யாத தப்புக்கு ஏன் சரி சரி என்றீர்கள் என்று கேட்டேன். "அவனுக்கும் சேத்துதான் சொன்னேன் அண்ணி" என்றார். அவர் மனதில் கள்ளம் கிடையாது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கள்ளம் இருப்பவரைக் கண்டித்துத் திருத்தலாம், இவரை என்ன சொல்லித் திருத்துவது?

5. இனி ஆலை விஷயம். பழைய காகிதத்தைக் கூழாக்கும் தொட்டி கிணறு போல ஆழமானது. அடியில் கத்திகள் பொருத்திய சக்கரம் இருக்கிறது. கட்டுக்கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் அதில் சுற்றிக்கொள்வதால், ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் இயந்திரத்தை நிறுத்தி, ஏணி வழியாக ஆள் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். மற்ற இயந்திரங்களின் சத்தத்தில் அவர் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் ஆலையில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இறங்குபவர் தன் பெயர்த் தகட்டைச் சுவிட்ச் பக்கத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும், ஏறி வந்தபின் தானே எடுக்க வேண்டும். தகடு தொங்கும்வரை சுவிட்சில் யாரும் கை வைக்கக்கூடாது. நல்ல விதி. ஆளுக்கொரு பெயர், பெயருக்கொரு ஆள் என்று நம்பிச் செய்த விதி.

6. என் முதல் மனுவில் எழுதியதைச் சுருக்கமாக மீண்டும் சொல்கிறேன். சகோதரர்கள் இருவரும் தொட்டியில் இறங்கியிருந்த ஒரு மாலையில் சின்னவர் முதலில் ஏறி வந்தார். சுவிட்ச் இயக்குபவர் பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பழக்கதோஷத்தில் சின்னவர் "வந்தாச்சு" என்றார். பிறகு தன் பெயரைக் கூப்பிட்டதற்கும் வந்தாச்சு என்றார். இயக்குபவர் திரும்பிப் பார்க்காமலே இரண்டு தகட்டையும் எடுத்து நீட்ட, சின்னவர் வாங்கிக்கொண்டார். சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோன இயக்குபவர், தொட்டி ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் ஆளில்லாமல் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். அது என் கணவரின் செருப்பு. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அன்று இரவு சாப்பிடும்போது அண்ணனும் தம்பியும் இதையும் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொன்னார்கள். சின்னவர் சிரித்தார், என் கணவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

7. மறுநாளே ஆலை மேற்பார்வையாளரைப் போய்ப் பார்த்து, இருவரையும் வேறு வேறு ஷிப்டில் போடும்படி கேட்டேன். ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் இருக்கிறார், ஆலைக்கு அது வசதி என்றார். "ரெண்டு பேர்ல யார் வந்தா என்னம்மா, வேலை நடந்தா சரி" என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார். யார் வந்தால் என்ன என்று கேட்கிற உரிமை அவருக்கு இருக்கலாம். எனக்கு இல்லை, ஐயா. அதன்பிறகே தங்களுக்கு மனு எழுதினேன்.

8. தங்கள் அதிகாரி ஆலைக்கு வந்த அன்று நடந்தது இது. என் கணவர் தகட்டை மாட்டிவிட்டுத் தனியாகத் தொட்டிக்குள் இறங்கியிருந்தார். சின்னவர் மேலே கழிவுக் கம்பிகளை வாரிக்கொண்டிருந்தார். அதிகாரி என் கணவர் பெயரைச் சொல்லிக் கேட்டார். சின்னவர் "நான்தான் சார்" என்றார். அடையாளத்துக்கு ஏதாவது காட்டும்படி அதிகாரி கேட்டபோது, சின்னவர் கொக்கியிலிருந்து என் கணவரின் தகட்டை எடுத்துக் காட்டி, பிறகு அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிரிக்கச் சொல்லி நான் மனுப் போட்டது அவருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து இருவரும் ஒருநாள்கூடப் பிரிந்து வேலை செய்ததில்லை. அந்தக் கவலையில் பேச்சு நல்லபடியாக முடிய வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தவருக்கு, கொக்கி காலியாகிவிட்டது நினைவுக்கு வரவில்லை. தங்கள் அதிகாரி கேள்விகள் கேட்டார். சின்னவர் பதில் சொன்னார். கடைசியாக வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சார், எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றார்.

9. இதெல்லாம் நடக்கும்போது என் கணவர் அந்தக் கத்திகளுக்கு நடுவே குனிந்து கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்.

10. இதை எனக்குச் சொன்னவர் சுவிட்ச் இயக்குபவர். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கூழ் அப்பிய முகத்தோடு மேலே நின்றவரைப் பெரியவர் என்றே அவரும் நினைத்திருக்கிறார். தகடு இல்லை, ஆள் கண்முன்னே நிற்கிறார், செருப்பு கிடந்த இடத்தை அதிகாரியோடு வந்தவர்கள் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். சுவிட்சைப் போட எந்தத் தடையும் இல்லை. "பெரிய ஆபீசர் பேசிட்டு இருக்கும்போது மெஷினப் போட்டா மரியாதை இல்லன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னேம்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றார். அதிகாரி விடைபெற்று வாசல் பக்கம் திரும்பியதும் அவர் சுவிட்சில் கை வைத்திருக்கிறார். அப்போது ஏணியின் மேல்படியில் ஒரு கை தெரிந்திருக்கிறது. தங்கள் அதிகாரி ஒரு கேள்வி குறைவாகக் கேட்டிருந்தால் நான் இன்று வேறு விதமான மனு எழுதிக்கொண்டிருப்பேன்.

11. அந்த இயக்குபவர் தன் கையால் அப்படி ஒரு பாவம் நடக்கக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டு வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிவிட்டார். வரும் திங்கட்கிழமை முதல் அந்தச் சுவிட்சில் புதியவர் ஒருவர் நிற்கப்போகிறார். நேற்று என் கணவர் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். நான் ஆலை வாசலுக்குப் போய், வேலை பழகிக்கொண்டிருந்த அந்தப் புதியவரைப் பார்த்து, என் கணவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளும்படி பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "உங்க வீட்டுக்காரர எனக்கு நல்லாத் தெரியும்மா. இப்பதான் உள்ள பேசிட்டு வர்றேன்" என்றார். இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையே அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

12. என் கணவரிடம் சொன்னால், "இத்தன வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்கிறார். விளையாட்டு வினையாகும் என்பதை வாய் வலிக்கச் சொல்லிவிட்டேன். என் ஓரகத்திக்குப் போன வருடம் ஆண் குழந்தை பிறந்தது. எனக்கு இது ஏழாம் மாதம். பிறக்கப்போவதற்கும் அந்தக் குழந்தையின் பெயரோடு சேர்ந்தாற்போல ஒரு பெயரை என் மாமியார் தயாராக வைத்திருக்கிறார். இது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பது தெரியும். அதை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

13. ஆகவே, முடித்துவைத்த என் மனுவைத் தயவுசெய்து மீண்டும் திறந்து, திங்கட்கிழமைக்கு முன் இருவரில் ஒருவரை வேறு பிரிவுக்கோ வேறு ஷிப்டுக்கோ மாற்ற ஆலைக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எட்டிப் பார்த்துத் தலையை எண்ணாமல் சுவிட்சைப் போடக்கூடாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டுகிறேன். மறுபடியும் அதிகாரியை அனுப்புவதாக இருந்தால், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் வந்து நின்றால் எதையும் கேட்க வேண்டாம். முதலில் தொட்டிக்குள் பார்க்கச் சொல்லுங்கள்.

14. கடைசியாக ஒன்று. தங்கள் பதிலை என் கணவர் பெயருக்கு அனுப்ப வேண்டாம். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். என் பெயருக்கே அனுப்புங்கள். இந்த வீட்டில் என் பெயர் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

நாள்: வெள்ளிக்கிழமை காலை
இடம்: ஆலைக் குடியிருப்பு

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
பெரியவரின் மனைவி

இணைப்பு: பெயர்கள் எழுதிய தனித்தாள்; சகோதரர்கள் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று. வலது புருவத்தில் தழும்பு இருப்பவர் என் கணவர்.