உம்மா சொன்னதை நான் சொல்லவில்லை

மார்ச் 2
முதல் நோன்பு. பக்கத்து வீட்டு மாமி, வாப்பாவின் கூடப்பிறந்த ராத்தா, ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கஞ்சி அனுப்பினார். எங்கள் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டியே போனது. உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருடமாக உம்மாவும் மாமியும் முகம் பார்ப்பதில்லை.

மார்ச் 6
டியூசனில் மாமியின் மகள் பஹ்மியா கேட்டாள்: "உங்கட உம்மா இந்தப் பெருநாளைக்கும் கால்ல விழுவாவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாசமாய்ப் போன சிரிப்பு.

மார்ச் 11
எழுதிவிடுகிறேன். நெஞ்சு பாரமாவது குறையட்டும்.

நான் பிறந்தது குவைத்தில். உம்மா ஜாவாக்காரி, வாப்பா இந்தக் குறிஞ்சாக்கேணிக்காரர். அவர்கள் தங்களுக்குள் அரபியில் கதைப்பார்கள். என்னோடு உம்மா தன் பாஷையில், வாப்பா தமிழில். இரண்டும் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். இரண்டு வருடத்துக்கு முன் எங்களை இங்கே விட்டுவிட்டு வாப்பா வேலைக்குத் திரும்பிப் போனார்.

போன வருட நோன்புப் பெருநாள். மாமி வீடு நிறைய ஆட்கள். உம்மா நேரே போய் மாமியின் கதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டு, மாமியின் மடியில் நெற்றியை வைத்துத் தன் பாஷையில் என்னவோ சொன்னார். மாமி நெருப்புப் பட்டதுபோல் அவரைத் தள்ளிவிட்டு எழும்பினார். "யா அல்லாஹ்! தலை குனியிறது படைச்சவனுக்கு மட்டும்தான்! ரிப்கா, என்ன புள்ள சொல்லுறா இவ?"

எனக்குத் தெரியும். உம்மாவின் ஊரில் பெருநாள் என்றால் அதுதான். பெரியவர்களின் மடியில் தலை வைத்து, 'செயலாலும் மனசாலும் நான் செய்த பிழைகளை மன்னியுங்கள்' என்பார்கள். வணக்கமில்லை அது, மன்னிப்பு. ஆனால் அத்தனை கண்ணும் என்மேல். வெட்கத்தில் செத்துக்கொண்டு நின்றேன்.

"தெரியா மாமி" என்றேன்.

மார்ச் 12
பாரம் குறையவில்லை.

மார்ச் 24
உம்மா இந்தப் பெருநாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கப் போகிறாராம். இரவு வாப்பாவிடம் போனில், தன்னை ஜாவாவுக்கே அனுப்பிவிடச் சொன்னார். டிக்கெட் பார்க்கிறேன் என்றார் வாப்பா. பார்ப்பாராம்! அப்ப நான்? நான் எங்க போக? எல்லாம் என்ட வாயால வந்த வினை.

மார்ச் 27
நோன்பு திறந்த கையோடு மாமி வீட்டுக்குப் போனேன். "என்ன?" என்றார் வாசலிலேயே. கொட்டிவிட்டேன், எல்லாவற்றையும். உம்மா சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

மாமி அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். "என்னட்ட மன்னிப்பா கேட்டா? அவவை எல்லாருக்கும் முன்னால தள்ளிவிட்டனே..." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு வருசமா வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த நீ?"

நல்லா ஏசினார். ஏச்சு வாங்கியதும் பசித்தது.

மார்ச் 31, பெருநாள்
தொழுகை முடிந்ததும் மாமி வந்தார். கதவைத் தட்டவுமில்லை, தள்ளிக்கொண்டு நேரே குசினிக்குள். "மச்சி, மடியில விழ விடமாட்டன். அது நமக்குப் பழக்கமில்ல. ஆனா மன்னிப்பு நான்தான் கேக்கணும்." உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுத அழுகையில் இறைச்சி அடிப்பிடித்துவிட்டது.

மாமி போனபின் உம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு விளங்கியது என்றும், வேண்டுமென்றுதான் மறைத்தேன் என்றும்.

உம்மா தமிழில் சொன்னார்: "நீ சொன்னது எனக்கு விளங்கினது, மகள். 'தெரியா'. இங்க வந்து நான் முதல் படிச்ச சொல்லு அது."

ஒரு வருடமாகத் தெரிந்திருக்கிறது! ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டித் தந்திருக்கிறார்.

அவருடைய மடியில் தலையை வைத்து, அவருடைய பாஷையிலேயே கேட்டேன்.

ஏப்ரல் 2
டிக்கெட் எத்தனையாம் தேதிக்கு என்று வாப்பா போனில் கேட்டார். "எந்த டிக்கெட்?" என்றார் உம்மா.

ஏப்ரல் 4
டியூசன் முடிந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. உம்மாவுக்குப் போன் எடுத்தேன். மாமியும் உம்மாவும் பஸ் ஏறித் திருகோணமலை டவுனில் புடவைக்கடையில் நிற்கிறார்களாம். சாயம் போகுமா என்று மாமி கடைக்காரரோடு வாதாடுவது கேட்டது.

"என்னை ஏன் கூட்டிப் போகல்ல?"

"நீ எதுக்கு? நாங்க கதைக்கிறம்தானே" என்று உம்மா வைத்துவிட்டார்.

பூட்டின் திறப்பு அவரிடம். வாசல்படியில் குந்தியிருந்து இதை எழுதுகிறேன்.