கரவனை டார்னெய்ட்டில் விட்டுவந்தேன்

காரின் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் நம் வண்டிவீடு, அந்தக் கரவனின் கதவைத் திறந்ததும் உம்முடைய கறித்தூள் மணந்தது. நீர் கண்மூடி ஏழு மாதம். இன்று காலையில்தான் திறந்தேன். வாங்குவதற்கு ஆட்கள் வருவதாக இருந்தது.

கணவனும் மனைவியுமாக நாம் கரவனில் போன முதல் பயணத்தில், கடற்கரை ஊரான லேக்ஸ் என்ட்ரன்ஸில் அரிசி கிடைக்காது என்று உமக்கு யார் சொன்னார்களோ தெரியாது. இருபது கிலோ மூட்டை, புட்டுப்பானை, கல்லுரல், தண்ணீர்க் கான்கள் எல்லாவற்றையும் எனக்குச் சொல்லாமல் கரவனின் பின்கோடியில் அடுக்கிவிட்டீர். நான் காரின் இழுவைத் திறன், கரவனின் எடை, இரண்டையும் இணைக்கும் கொக்கியில் இறங்கும் பாரம் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் புறப்பட்டேன். வழியில் ட்ரரல்கன் நகரைத் தாண்டியதும் கரவன் இரண்டு பக்கமும் ஆடத் தொடங்கியது. காரின் பிரேக்கை நான் தொடவில்லை. அக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, காருக்குள் இருக்கும் கரவன் பிரேக் விசையை மட்டும் கையால் மெல்ல அழுத்தினேன். ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்திப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தோம்.

"பின்னுக்குப் பாரம் கூடினா முன்னுக்குக் கொக்கி லேசாயிடும். அதுதான் ஆடினது."

"இவ்வளவு படிச்சனீங்கள், என்ர அரிசியைக் கணக்கில சேர்க்கேல்லையோ?"

"நீர் சொன்னாத்தானே தெரியும்."

"சொன்னா ஏத்த விட்டிருப்பீங்களோ?"

சாமான்களைச் சில்லுகளுக்கு நேர்மேலே நகர்த்திவிட்டுப் போனோம்.

அதற்குப் பிறகு நீர் எதையும் நிறுக்காமல் ஏற்றவில்லை. குளியலறைத் தராசில் முதலில் வெறுங்கையோடு ஏறுவீர். பிறகு சாமானைத் தூக்கிக்கொண்டு ஏறுவீர். கழித்து எழுதிய தாள்கள் கரவன் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் இன்னும் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு தாளிலும் முதல் வரி உம்முடைய எடை. அறுபத்திரண்டு. அறுபத்தொன்று. ஐம்பத்தேழு. ஐம்பத்திரண்டு. நான் ஒவ்வொரு முறையும் தாளை வாங்கிச் சாமான்களின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தேன். முதல் வரியைப் பார்க்கவில்லை. எடை எப்போதிருந்து குறைகிறது என்று டொக்டர் கேட்டபோதுதான் பார்த்தேன்.

பதினொரு மணிக்கு டார்னெய்ட் புறநகரில் இருந்து ஒரு சோடி வந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள். சின்னக் கார், பின்சீட்டில் குழந்தை. காரின் கையேட்டை வாங்கிப் பார்த்தேன். அந்தக் கார் இழுக்கக்கூடியது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. கரவன் வெறுமையாகவே அதைத் தாண்டும்.

"இந்தக் கார் காணாது, தம்பி."

"பக்கம்தானே அண்ணா. மெதுவா ஓட்டிட்டுப் போயிடுறோம்."

"கார் இழுத்துப்போடும். ஆனா நிப்பாட்ட மாட்டுது."

"நான் வீட்லயே சொன்னேன்," என்றாள் அவன் மனைவி. "யூடியூப்ல பாத்துட்டேன், எல்லாம் தெரியும்னாரு."

அவன் சிரித்துச் சமாளித்தான். இன்றைக்கே வேண்டும் என்றான். எனக்கும் இன்றைக்கே அது வீட்டைவிட்டுப் போகவேண்டும். ஆனாலும் பூட்டுத் திறப்பை அவன் கையில் கொடுக்கவில்லை. இன்னொரு எண்ணைப் பார்க்காமல் விட என்னால் முடியாது.

"நானே கொண்டுவந்து விடுறன். பெரிய கார் வாங்குமட்டும் நீங்கள் இதைக் கொழுவக்கூடாது. சரியோ?"

"சத்தியமா கொழுவ விடமாட்டேன் அண்ணா," என்றாள் அவள்.

தாள்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு, எங்கள் காரில் கொழுவி, டார்னெய்ட்டில் அவர்கள் வீட்டு முற்றத்தில் விட்டேன். சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

கிளேட்டனில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது பின்னால் பாரம் இல்லை. ஆனாலும் முன்னால் போன காருக்கும் எனக்கும் நடுவில், இரண்டு தொன் பாரத்தை நிறுத்தத் தேவையான தூரத்தை விட்டே ஓட்டினேன். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். நுழைய நுழைய நான் வேகத்தைக் குறைத்துப் பின்தங்கினேன். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். வீடு வரைக்கும் அப்படித்தான் வந்தேன்.