கொடுக்காத மாத்திரை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்து நாளாகத் தம்பி மூர்த்திக்கு நான் மாத்திரை கொடுக்கவில்லை. எழுதும்போதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

அவனுக்கு பைபோலார் என்ற மனநோய். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் மாத்திரையை அவன் கையில் வைப்பேன். அதைப் போட்டால் கை மந்தமாகிவிடுகிறது என்பான். தெருவில் பிள்ளையார் வைக்கும் கணபதி மண்டலுக்கு முப்பது அடித் திரை வரைய வேண்டியிருந்தது. மாத்திரை இல்லாதபோது அவன் எப்படி வரைவான் என்று எனக்குத் தெரியும்.

நேற்றே திரை முடிந்தது. மண்டல்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இன்று மத்தியானம், அவன் நிறுத்தவே இல்லை. பக்கத்துக் கடை ஷட்டர், யாருடையதோ ஸ்கூட்டர், எல்லாவற்றிலும் பிள்ளையார் கண்ணாக வரைந்துகொண்டிருந்தான். அதே மண்டல்காரர்கள் மொபைலில் வீடியோ எடுத்துச் சிரித்தார்கள். “அக்கா, இங்க பாரு!” என்று கூப்பிட்டான். நான் யாரோ மாதிரி கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

சற்று முன் சாப்பிட்டுவிட்டுக் கையை நீட்டினான். விரலெல்லாம் பெயின்ட்.

“இன்னைக்காவது தாக்கா. வேல முடியட்டுமேன்னுதாம் நானும் கேக்கல.”