லிங்கின் படத்துக்கு வந்தவர்கள்

நவ. 6, வியாழன்
மழை. புரொஜெக்டர் துடைத்தாயிற்று. நீள வயர் தேடவேண்டும்.

எங்களுக்கு ஒரு மாடி கீழே இருக்கும் லிங் சனிக்கிழமை நம் கட்டிடத்து பார்ட்டி ரூமில் தன் படத்தைப் போடுகிறாள். அணை கட்டுவதற்காகச் சனத்தை வெளியேற்றிய ஊரைப் பற்றியது. அங்கேயே வருசக்கணக்காகக் கிடந்து, தனி ஆளாக எடுத்தது. சீனாவில் காட்ட விடவில்லை. நான் எடுப்பதெல்லாம் கலியாண வீடும், பூப்படைந்த பிள்ளைகளின் சாமத்திய வீடும். இருந்தாலும் அவளும் கமெராக்காரி, உதவாமல் விடலாமா?

என் மனிசி றீற்றாவுக்கு விருப்பமில்லை. "உவை ஆர் எவரெண்டு தெரியுமே? உங்களுக்கேன் உந்த வில்லங்கம்?" மனிசி சொல்வதிலும் நியாயம் உண்டு. இங்கே நடந்த எங்கள் ஊர்வலங்களிலும் ஆட்களைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். ஊரில் போய் இறங்கி விசாரணையில் மாட்டிய பிறகுதான் சிலருக்கு அது விளங்கியது.

நவ. 8, சனி
குளிர். முப்பது பேர் வரை. எல்லாரும் சீனர்.

கடைசி வரிசையில் கறுப்புத் தொப்பி ஒருத்தன். திரையைப் பார்க்கவே இல்லை. கதவையும் ஆட்களையும்தான். வேவு பார்க்க ஆரோ அனுப்பின ஆள், சந்தேகமே இல்லை. படத்தில் ஒரு கிழவி, இடித்த வீட்டின் படியில் குந்தியிருந்து அரிசி களைகிறாள். எனக்கு அழுகை வந்தது. தொப்பி அப்போதும் கதவைப் பார்த்தபடி.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் என் கமெராவை எடுத்தேன். அவனைப் படம் பிடித்து லிங்கிடம் காட்டவேண்டும். ஆனால் கை தொழில் பழக்கத்துக்கே போனது: முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக. கலியாணத்தில் ஒருவரை விட்டாலும் வீட்டுக்காரர் கோபிப்பார்கள்.

முதல் பெண் சால்வையால் முகத்தை மூடினாள். பிறகு எல்லாரும். கதிரைகள் விழ, கதவில் நெரிசல். படத்தைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. றீற்றா பொரித்துத் தந்த ரோல்ஸ் தட்டில் அப்படியே.

தொப்பி வந்து லிங்கின் பக்கத்தில் நின்றான். அவளுடைய தம்பியாம். முகங்களைப் படம் பிடிக்க ஆராவது வந்தால் கவனிக்கச் சொல்லி அவளே இருத்தியிருக்கிறாள்.

வந்தவர்களின் தாய் தகப்பன் இன்னும் சீனாவில்தான், இங்கே வந்தது தெரிந்தால் அவர்களுக்குத்தான் வில்லங்கம் என்றாள் லிங். இனி இந்தச் சனம் வராதாம். மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். அழித்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள், வேறு கொப்பி இருக்கிறதா என்று. இல்லை என்றேன். நம்பவில்லை.

நவ. 9, ஞாயிறு
முதல் பனி. சேர்ச்சில் பூசைக்குப் புறப்பட்டோம். இறங்கும் வழியில் லிஃப்ட் லிங்கின் மாடியில் நின்றது. கதவு திறக்க, லிங்கும் தம்பியும். தம்பி தொப்பியை முகத்துக்கு இழுத்தான். லிங் சிரித்து, அடுத்ததில் வருகிறோம் என்றாள்.

உள்ளே நானும் றீற்றாவும் மட்டும்தான்.