முதலிடம்: இல்லை

மார்ச் 4, திங்கள்

இந்த வார இறுதியின் முதலிடம் ஒரு பேய்ப்படம். போன வாரமும் பேய்ப்படம்தான். படக் கம்பெனிக்காரர்கள் காலை ஒன்பது மணிக்கே சுவரொட்டி அனுப்பிவிட்டார்கள்: ‘நான்கே நாளில் ஆறு லட்சம் பேர்!’ இங்கே நாங்கள் படத்தை வசூலால் அல்ல, தலைகளால் அளக்கிறோம். தலைகளை எண்ணுவது யார்? படம் எடுத்தவர்களே. அவர்கள் சொல்வதை வாங்கி, வரிசைப்படுத்தி, திங்கள்தோறும் இணைய இதழில் போடுவது என் வேலை. நான்கு வருடமாகிறது.

எல்லா எண்ணும் பூஜ்யத்தில்தான் முடிகிறது. ஆறு லட்சத்துப் பதின்மூன்று என்று ஒருவராவது அனுப்பியதுண்டா?

திகோரிடம் கேட்கலாம். கேட்க மாட்டேன். என் கணவர் வேலை பார்ப்பதும் அப்படியொரு கம்பெனியில்தான், விளம்பரப் பிரிவில். கம்பெனிக் கதையை அவர் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பட்டியலைப் பற்றி நான் அவரிடம் பேசக் கூடாது. நாங்களே போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

கெண்டை மீன் வாங்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

நோன்புப் பெருநாள் வாரம். மூன்று கம்பெனி, மூன்று சுவரொட்டி, மூன்றிலும் ‘நாட்டிலேயே முதலிடம்’. ஆசிரியர் லஸ்த்ரி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒரே பொண்ணுக்கு மூணு மாப்பிள்ளையா? யாராவது ஒருத்தனை மணையில உக்கார வை, ருமொண்டாங்.”

உட்காரவைத்தேன். எதை வைத்து? அவன் சுவரொட்டிதான் முதலில் வந்தது.

ஜூன் 22, சனி

பாங் (கல்யாணமான நாளிலிருந்து திகோரை அப்படித்தான் கூப்பிடுகிறேன்) காலை ஆறு மணிக்குப் போனோடு குளியலறைக்குள் போனார். நாற்பது நிமிடம். தண்ணீர்ச் சத்தமே இல்லை. வெளியே வந்ததும் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“யாரு?”

“ஆபீஸ் வேலை.”

“சனிக்கிழமை விடியக்காலையிலயா?”

“பேய்க்கு ஏது லீவு, ரும்?”

நான் சிரிக்கவில்லை.

ஜூன் 29, சனி

மறுபடியும். இன்று தாழ்ப்பாள் வேறு.

ஜூலை 13, சனி

யார் அவ? நாப்பத்தாறு வயசுல நான் இதெல்லாம் பாக்கணுமா? துவைக்கப் போட்டிருந்த சட்டையை எடுத்து மோந்து பாத்தேன். பேனாக்கறை, சோப்பு வாசனை, வேற ஒண்ணுமில்ல. அதுவே சந்தேகமா இருக்கு. ஒண்ணுமே இல்லாத அளவுக்கு ஒருத்தன் சுத்தமா இருப்பானா?

எழுதியதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. அடித்துத் திருத்த மாட்டேன். இருக்கட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று இரண்டு படங்கள் வெளியீடு. ஒன்று பாங்கின் கம்பெனியுடையது, ‘மூங்கில் வீட்டு மணப்பெண்’. இன்னொன்று பெஸ்ஸே எடுத்தது, ‘உப்பளத்தில் ஒரு கல்யாணம்’. பெஸ்ஸே மக்காஸர்க்காரி, கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் இளையவள். ஆறு வருடமாக இழுத்துப் பிடித்து எடுத்த படம். அதற்காகச் சொந்தக் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டாள், மாப்பிள்ளை காத்திருக்கவில்லை.

மதியம் கூப்பிட்டாள். “அக்கா, நாப்பத்தோரு தியேட்டர் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் பாப்பாங்களாம். எந்தப் படத்துக்குக் கூட்டமோ அதுக்குத் தியேட்டரை மாத்திடுவாங்க. திங்கக்கிழமை என் படம் இருக்குமா?”

“இருக்கும்டி.”

எதை வைத்துச் சொன்னேன்?

செப்டம்பர் 7, சனி

நேற்று மாலையே ‘மணப்பெண்’ணுக்கு மூன்று லட்சம் பேர் என்று சுவரொட்டி வந்துவிட்டது. வேலை நாளில் மூன்று லட்சமா? என் கண்ணால் பார்க்கலாம் என்று பெக்காசிக்குப் போனேன், பதினொரு மணிக் காட்சிக்கு. டிக்கெட் ஆப்பில் அரங்கின் வரைபடம் தெரியும். விற்ற இருக்கை சிவப்பாகிவிடும். அறுபத்திரண்டு சிவப்பு. உள்ளே எண்ணினேன்: என்னையும் சேர்த்துப் பத்துப் பேர். விளம்பரம் முடியட்டும் என்று இருந்தேன். முதல் சாவு முடியட்டும் என்று இருந்தேன். பத்தேதான்.

வெளியே வந்து டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம், மீதிப் பேர் எங்கே என்று கேட்டேன்.

“உள்ளேதாம்மா இருக்காங்க,” என்றாள் சிரிக்காமல். “பேய்ப்படத்துக்குப் பேய் வராம வேற யாரு வருவா?”

செப்டம்பர் 8, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிச் சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. பாங் மட்டும் போனார். நான் போனும் கையுமாக உட்கார்ந்தேன். டெப்போக், சிக்காராங், சிரபோன், தெகால். ஊர் ஊராக ‘மணப்பெண்’ணின் இருக்கை வரைபடங்கள்.

நிஜக் கூட்டம் எப்படி உட்காரும் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையின் நடு முதலில் நிறையும். குடும்பம் என்றால் ஐந்தாறு சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர் தனியாக மூலையில். இந்த வரைபடங்கள் அப்படி இல்லை. எல்லா ஊரிலும் முதல் சிவப்பு ஒரே இடம்: பின்னாலிருந்து மூன்றாம் வரிசை, வலப்பக்கம் நடைவழி. அங்கிருந்து இரண்டிரண்டாகப் பரவுகிறது.

அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பாங்குக்குப் பூப்பந்து ஆடி வலது முழங்கால் போனது. நீட்ட இடம் வேண்டும். இருபது வருடமாக எந்தத் தியேட்டருக்குப் போனாலும் அவர் விரல் முதலில் போவது அந்த இருக்கைக்குத்தான், அதற்குப் பக்கத்து இருக்கை எனக்கு. கையெழுத்தை மாற்றி எழுதலாம். இதை மாற்ற அவருக்குத் தோன்றியிருக்காது.

சனிக்கிழமைக் காலைகள். குளியலறை. டிக்கெட் டிக்கெட்டாக வாங்கி ஓடிக்கொண்டே இருக்கும் கட்டைவிரல். அப்படியானால் பெண் யாரும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. சத்தமாகச் சிரிக்கக்கூடச் சிரித்தேன். பிறகுதான் பெஸ்ஸேயின் நினைப்பு வந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

பெஸ்ஸேயின் செய்தி ஆறரை மணிக்கு: நாற்பத்தொன்றில் ஆறு தியேட்டர்தான் மிச்சம். மீதியெல்லாம் ‘மணப்பெண்’ணுக்கு.

பாங் காபியோடு உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தை நான்தான் உடைத்தேன்.

“சிரபோன்ல பின்னாலேருந்து மூணாவது வரிசை, நடைவழி ஓரம். அது நீங்கதானே, பாங்?”

மேடான்காரர், மெதுவாகப் பேசத் தெரியாத மனுஷன். இன்று மெதுவாகப் பேசினார்.

“கம்பெனிக் காசுல டிக்கெட் வாங்க ஆளுக்கு எட்டு ஊர் பிரிச்சுக் குடுப்பாங்க.”

“ஆளே வராத சீட்டுக்கா?”

“முதல் நாலு நாள் தாங்கிப் பிடிச்சா தியேட்டர் நிக்கும். தியேட்டர் நின்னா நிஜ ஆளு வரும். எல்லாரும் செய்றதுதான், ரும்.”

“பெஸ்ஸே படத்தைத் தூக்கிட்டாங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நான் வாங்கலன்னா பக்கத்து மேஜைக்காரன் வாங்குவான். அவன் வாங்கியிருந்தா உனக்கு அடையாளமே தெரிஞ்சிருக்காது.”

அவர் போன பிறகு பட்டியலைத் திறந்தேன். ‘இந்த வார இறுதி முதலிடம்: இல்லை. வந்த எண்களை நம்ப முடியவில்லை.’

லஸ்த்ரி உடனே கூப்பிட்டாள். “உன் வீட்டுக்காரர் கம்பெனிடி. தெரிஞ்சுதான் எழுதுறியா?”

“தெரிஞ்சதாலதான்.”

“சரி. போடறேன். நாளைக்கு என்கிட்ட வந்து அழக் கூடாது.”

செப்டம்பர் 16, திங்கள்

அந்தக் கம்பெனி எங்களுக்கு எண் அனுப்புவதை நிறுத்திவிட்டது. பாங் பேச்சை நிறுத்திவிட்டார். மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, வீட்டில் யார் மீசை வைத்திருப்பது என்று கேட்டாராம். இதுகூட லஸ்த்ரி சொல்லித்தான் தெரியும்.

அக்டோபர் 7, திங்கள்

இந்த வார இறுதி முதலிடம்: ‘உப்பளத்தில் ஒரு கல்யாணம்’.

ஐந்தாவது வாரத்தில்! ஆறு தியேட்டரும் நிறைந்து, வாய்வழியாகப் பரவி, பன்னிரண்டாகி, ஐம்பதாகி... சனிக்கிழமை டெப்போக்கில் நானே போய் எண்ணினேன். நூற்று எழுபத்திரண்டு தலை. சீர்வரிசைச் சண்டைக் காட்சியில் முன்னால் இருந்த அம்மாள் திரையைப் பார்த்து, “கேளுடி, இன்னும் கேளு!” என்று கத்தினாள்.

பெஸ்ஸே போனில் அழுதாள். நானும்தான். நான்கு வருடத்தில் கை கூசாமல் எழுதிய ஒரே வரி.

நவம்பர் 10, ஞாயிறு

பெஸ்ஸே வீட்டில் நன்றி விருந்து. சொந்தக்காரர்களெல்லாம் மக்காஸரிலிருந்து வந்திருந்தார்கள். அவள் பெரியம்மா என் தட்டில் மீனை வைத்துக்கொண்டே, “அந்த அஞ்சாவது வாரம் எங்க சங்கத்துப் பொம்பளைங்க எல்லாரும் டிக்கெட் வாங்கிக் கை குடுத்தோம்ல, அதான் முதலிடம்!” என்றாள்.

“போய்ப் பாத்தீங்களா பெரியம்மா?”

“எல்லாராலயும் எங்க போக முடியுது...”

பெஸ்ஸே குறுக்கே வந்து என் வாயில் ஒரு துண்டு வாழைப்பழக் கேக்கைத் திணித்தாள். “சாப்பிடுக்கா, அப்புறம் பேசலாம்.” பேசவில்லை.

டெப்போக்கில் எண்ணினேன். மற்ற ஊர்களில்? எங்கேயும் எண்ணவில்லை. வரைபடத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. அந்த வாரம் மட்டும் எனக்கு ஏன் தோன்றவில்லை?

டிசம்பர் 30, திங்கள்

ஆண்டுப் பட்டியல் இன்று போக வேண்டும். ஐம்பத்திரண்டு வார இறுதிகள், ஒன்று காலி. அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு முட்டை பொரிக்கப் போனேன். திரும்பினால் பாங் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

“மே மாசம் ரெண்டாவது வாரம் இருக்கு பாரு,” என்றார். “அதையும் காலியா விட்டுடு.”

மூன்று மாதத்தில் அவர் தானாக என்னிடம் பேசிய முதல் வாக்கியம். அடுப்பை அணைத்தேன்.

“வேற?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “பென்சில் குடு.”

“பாங், இது வெளிய வந்தா, யாரு சொன்னதுன்னு கண்டுபிடிக்க அவங்களுக்கு அரை நாள் ஆகாது.”

“அரை நாளா? பத்து நிமிஷம் போதும்.” கையை நீட்டியபடியே இருந்தார். கொடுத்தேன்.

ஜனவரியிலிருந்து தொடங்கினார். அடிக்கும் ஒவ்வொரு வரிக்கும் வாய்க்குள் ஒரு சொல்: “எங்களுது.” “எங்களுது.” “இது போட்டிக் கம்பெனியோடது, பத்தாயிரம் சீட்டுக்கு மேல.” பெருநாள் வாரத்தின் முதலிடத்தைப் பார்த்துச் சிரித்தே விட்டார். ஜூன் முழுக்கப் போனது. ஆகஸ்டில் ஒன்று. நான் எதிரே உட்கார்ந்து பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

அக்டோபர் முதல் வாரம் வந்தது.

பென்சில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. மூச்சு விடும் நேரம்தான். பிறகு அந்த வரியைத் தொடாமல் அடுத்ததற்கு இறங்கியது.

அந்த வாரம் சுத்தமென்று தெரிந்து விட்டாரா, எனக்காக விட்டாரா?

கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. இந்த வருடம் முழுக்க நான் வேறு எதைச் செய்தேன், சந்தேகப்பட்டதையும் கேட்டதையும் தவிர? எண்ணைச் சந்தேகப்பட்டேன், சட்டையைச் சந்தேகப்பட்டேன்.

அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். முப்பத்தொரு வரிகள் மிஞ்சியிருந்தன. அதில் அதுவும் ஒன்று. எழுந்துபோய் அப்படியே லஸ்த்ரிக்கு அனுப்பினேன்.

இனி கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.