வாசலில் நின்ற அதிகாரி

லண்டன், 12.10.1975

அன்புள்ள அம்மாவுக்கு, தேவகனியின் ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

ஒரு சிரிப்பான சங்கதி. வந்திறங்கிய அன்று உங்கள் கருப்பட்டியைக் கத்தியால் குத்திப் பார்த்துக் குப்பையில் போட்டானே, அதே குடியேற்ற அதிகாரி நேற்று வீட்டைச் சோதனை போட வந்தான். என் காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, பயப்படாதீர்கள். கோர்ட் உத்தரவில்லாமல் வந்தால் உள்ளே விட வேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரி யூனியனில் சொல்லியிருந்தார்கள். உத்தரவு கேட்டேன், அவனிடம் இல்லை. கதவுச் சங்கிலியை நான் எடுக்கவே இல்லை.

கூடத் தங்கியிருக்கும் ஆறுமுகத்தாய், "ஏளா, மழையில நனையுதான், பாவம்" என்றாள்.

"நனையட்டும்" என்றேன். ஜன்னலருகே உட்கார்ந்து, அவன் பார்க்கப் பார்க்கக் காப்பி குடித்தேன். சீனி போட்ட காப்பி, அது ஒன்றுதான் குறை.

உத்தரவோடு திரும்ப வருவானாம். எஸ்றா அண்ணன் கப்பல் தூத்துக்குடியை விட்டுக் கிளம்புமுன் அவரிடம் கருப்பட்டி கொடுத்துவிடுங்கள். டூட்டிக்கு நேரமாயிற்று. பெரிதாகப் பார்த்துக் கொடுங்கள், அம்மா. அவன் தேடி முடிக்கும்வரை எதிரே நின்று கடித்துத் தின்ன வேண்டும்.

உங்கள் மகள்,
தேவகனி